கதைக்கு முகம் தந்த கிளிமானூர்க் கலைஞர்

வில்லின் நாணில் வீசுகோல் விழுந்து, குடமும் உடுக்கையும் உடன் முழங்க, புலவர் கதையைத் தொடங்கிவிட்டால் நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடையில் விடியும் வரை கூட்டம் கலையாது. பாடப்படுவது இசக்கியின் கதையாயினும் முத்துப்பட்டன் கதையாயினும், கேட்போர் ஒவ்வொருவரும் அக்கதை மாந்தர்க்குத் தத்தம் மனத்துள் ஒரு முகத்தை வரைந்துகொள்கின்றனர். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் அம்முகம் வேறுபடும். காதால் வளர்ந்த கதைகளின் இயல்பு அது.

செவிவழியாகவும் ஏட்டுவழியாகவும் வந்த பழங்கதைகளுக்கு, நாடெங்கும் ஒன்றுபோலக் காணத்தக்க முகங்களை வரைந்து தந்தவர் ஓவியர் ரவிவர்மா. நாஞ்சில் நாடு அடங்கியிருந்த திருவிதாங்கூர் அரசிலே தோன்றி, அவ்வரசின் தலைநகரிலே தொழில் பயின்று, பாரத நாடு முழுவதும் அறிந்த கலைஞராக உயர்ந்தவர் அவர். கதையை அவர் காட்சியாக்கிய முறை எது, அதனால் கதைகள் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பன சொல்லால் ஓவியம் தீட்டுவோர் எண்ணிப் பார்க்கத்தக்கன.

கதைகள் நிறைந்த இல்லம்

ரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கிளிமானூரில் பிறந்தார். கிளிமானூர் அரண்மனை திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு நெருங்கிய மண உறவு கொண்டது. திருவிதாங்கூரை விரிவாக்கிய மார்த்தாண்டவர்மா மன்னரின் தந்தையார் அவ்வீட்டைச் சேர்ந்தவரே. அரசியல் உறவினும் கலை உறவே அவ்வில்லத்திற்குப் பெரும் புகழைத் தந்தது. இராவணவிஜயம் என்னும் கதகளி நூலை இயற்றிய வித்துவான் கோயில் தம்புரான் அக்குடும்பத்தவர். ரவிவர்மாவின் அன்னையார் உமாம்பா பாய், பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாட்டை யாத்த கவிஞர். தந்தையார் வடமொழிப் புலமை மிக்கவர். தம்பியருள் ஒருவர் இசைவாணர். மற்றொரு தம்பி இராஜராஜவர்மாவும், தங்கை மங்களா பாயும் ஓவியர்கள்.

ஆகவே, நளனும் தமயந்தியும், அரிச்சந்திரனும் சந்திரமதியும் அச்சிறுவனுக்கு நூலில் மட்டும் அறிமுகமானவர் அல்லர். இரவில் ஆட்டவிளக்கின் முன் ஆடியவர்கள். பகலில் அன்னையின் பாட்டில் நடமாடியவர்கள். சுவரில் கரித்துண்டால் அவன் வரைந்த விலங்குகளும் மனிதர்களும் வீட்டாரின் கடிந்துரைக்கு இலக்காயினர் என்றும், தாய்மாமன் இராஜராஜவர்மா ஒருவரே அக்கோடுகளில் வருங்காலக் கலைஞனைக் கண்டார் என்றும் அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மாமனார் தாமும் தஞ்சை மரபில் வரையும் ஓவியர். மருமக்கள்வழி நிலவிய அக்குடும்பத்தில் மருமகனின் கல்விக்கு மாமனே பொறுப்பாளர். அந்தப் பொறுப்பை அவர் செவ்வனே நிறைவேற்றினார்.

கதவுக்கு வெளியே நின்று கற்றவர்

1862ஆம் ஆண்டில் பதினான்கு வயதுச் சிறுவனை மாமனார் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரின் முன் நிறுத்தினார். மன்னர் அரண்மனையில் தங்கி வரைய இசைவளித்தார். அங்கிருந்த ஓவியங்களையும் ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்படிகளையும் காண வழிசெய்தார். ஆனால் நெய்வண்ண ஓவியம் என்னும் புதிய கலையைக் கற்பிக்க ஆசிரியர் கிட்டவில்லை. அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் அக்கலையில் தேர்ந்தவர். எனினும் இளைஞனுக்கு அதன் நுட்பங்களைச் சொல்லித்தர அவர் உடன்படவில்லை. அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளைகளில் மறைவாக வந்து, தாம் அறிந்தவற்றை ரவிவர்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரை வரைவதற்காகத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் பாடம் சொல்ல முன்வரவில்லை. மன்னரின் விருப்பத்திற்கிணங்கத் தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாயிற்று. வண்ணங்களைக் குழைக்கும் அளவு, இருளிலிருந்து ஒளிக்கு ஏறும் படிமுறை, உலர்ந்த பூச்சின்மேல் மெல்லிய பூச்சைப் படரவிடும் பக்குவம் ஆகியவற்றைக் கண்ணால் கற்றுக் கையால் பலமுறை செய்து தேர்ந்தார்.

கரிசல், கதகளி, கதை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே கற்க வேண்டியிருந்த இந்தப் பயிற்சியே அவரது கலைக்கு அடித்தளமாயிற்று. உற்றுநோக்குதல் ஒன்றே அவருக்கு வாய்த்த குருகுலம்.

பத்மநாபபுரத்துச் சுவரும் திருவனந்தபுரத்துத் துணியும்

ரவிவர்மா செய்த மாற்றத்தின் அளவை அறிய, அவருக்கு முன் இம்மண்ணில் கதை எவ்வாறு வரையப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்து அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், மேல்தளத்து வழிபாட்டு அறையின் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள் உள்ளன. திருவட்டாற்றிலும் சுசீந்திரத்துக் கோபுரத்தின் உட்புறத்திலும் அம்மரபின் சுவரோவியங்களைக் காணலாம். சுண்ணச் சாந்து பூசிய சுவரில் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்னும் நிறங்களால் தீட்டப்பட்டவை அவை. மண்ணும் கல்லும் இலைச்சாறும் விளக்குப் புகையின் கரியும் அந்நிறங்களைத் தந்தன.

அவ்வோவியன் ஒரு தெய்வத்தை வரையத் தொடங்குமுன் தியான சுலோகத்தை நினைவில் கொள்வான். கைகள் எத்தனை, ஏந்திய படைகள் எவை, மேனி நிறம் யாது என்பனவெல்லாம் அச்சுலோகத்தில் அடங்கும். கண்ணை மூடிக் கண்ட உருவத்தைக் கண்ணைத் திறந்து எழுதுவது அவன் முறை. அவ்வுருவங்களுக்கு வயதில்லை, அவற்றின்மேல் எத்திசையிலிருந்தும் வெயில் விழுவதில்லை, நிலத்தில் நிழல் வீழ்வதுமில்லை.

இம்மண்ணின் தோற்பாவைக்கூத்திலும் ஏறத்தாழ இதே இயல்பைக் காணலாம். பதப்படுத்திய தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய இராமனும் சீதையும் திரைக்குப் பின்னிருந்து வரும் விளக்கொளியில் உயிர்பெறுகின்றனர். பாவையின் முகபாவம் மாறுவதில்லை. கூத்தனின் குரல் அழும்போது பாவையும் அழுவதாகக் காண்போர் உணர்கின்றனர். எஞ்சியதை நிரப்புவது பார்ப்போரின் மனம்.

ரவிவர்மாவின் முறை இவ்விரண்டினின்றும் வேறானது. அவர் கண்ணைத் திறந்து தேடினார். தமயந்தி வருந்தினாள் எனின், வருந்தும் பெண்ணின் கழுத்து எப்பக்கம் சாயும், அவள் கை எதனைப் பற்றும், மாடத்து ஒளி அவள் கன்னத்தில் எங்கே விழும் என்று வினவினார். விடைகளை நூலில் தேடாமல் மக்களிடம் தேடினார்.

முதல் வெற்றிகள்

1870இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று நோன்பிருந்து திரும்பிய ரவிவர்மா, வழியில் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தாரின் உருவங்களை வரைந்து ஊதியம் பெற்றார். அரச குலத்தோடு உறவுடைய ஒருவர் கூலிக்கு ஓவியம் வரைதல் அக்காலத்தில் புதுமை. 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் மகளிர் ஓவியத்திற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டே வியன்னா நகரக் கண்காட்சியிலும் அவர் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு, சரபத் என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணை வரைந்து மீண்டும் சென்னையில் பாராட்டுப் பெற்றார். இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கு அவ்வோவியம் பின்னர்ப் பரிசாக அளிக்கப்பட்டது.

இவையாவும் கண்முன் வாழ்ந்த பெண்களின் ஓவியங்கள். 1876இல் அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். துஷ்யந்தனுக்குத் தாமரை இலையில் மடல் எழுதும் சகுந்தலையை வரைந்தார். தரையில் சாய்ந்து கிடந்து, எழுதுவதை நிறுத்தி எண்ணத்தில் ஆழ்ந்திருக்கும் பெண் அவள். சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அவ்வோவியத்தை வாங்கினார். மோனியர் வில்லியம்ஸ் செய்த சாகுந்தல ஆங்கில மொழிபெயர்ப்பின் முகப்பிலும் அது இடம்பெற்றது. உருவ ஓவியர் அன்று கதை ஓவியராயினார்.

ஒரு கணத்தைத் தேர்தல்

கதை காலத்தில் ஓடுவது. ஓவியம் ஒரே கணத்தில் நிற்பது. நீண்ட கதையின் எந்தக் கணத்தை நிறுத்தினால் முன்னும் பின்னும் உள்ள கதை முழுவதும் காண்போர் உள்ளத்தில் விரியும் என்பதே கதை ஓவியனின் முதற் சிக்கல். ரவிவர்மாவின் தனித்திறம் இத்தேர்விலேதான் உள்ளது.

காலில் தருப்பை முள் தைத்ததாகச் சகுந்தலை பாவனை செய்யும் ஓவியம் இதற்கு நல்ல சான்று. தோழியர் முன்னே செல்கின்றனர். ஒருத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு சகுந்தலை பாதத்தை உயர்த்தி, முள்ளை எடுப்பவள்போல் பின்னோக்கிப் பார்க்கிறாள். அவள் பார்வை தேடும் மன்னன் ஓவியத்தில் இல்லை. சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கிறான். முள்ளும் இல்லை, மன்னனும் இல்லை. இல்லாத இரண்டைக் கொண்டு ஒரு காதலை அவர் காட்டிவிட்டார். காண்போர் கதையை முன்பே அறிந்திருத்தலை நம்பி வரையப்பட்ட ஓவியம் அது. அறிந்த கதையைப் பாடும் வில்லுப்பாட்டுப் புலவரின் துணிவும் இத்தகையதே.

அன்னமும் தமயந்தியும் உள்ள ஓவியத்திலும் இம்முறை தொடர்கிறது. அன்னம் நளனைப் பற்றிக் கூறுகிறது, தமயந்தி கேட்கிறாள். நளன் காட்சியில் இல்லை. கேட்டல் என்னும் செயலைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது அரிது. சற்றே சாய்ந்து நிற்கும் உடலும், அன்னத்தின்மேல் நிலைத்த கண்ணும் அதனைச் செய்கின்றன.

எல்லாக் கதைகளுக்கும் இந்த அமைதி பொருந்துவதில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். சடாயுவின் சிறகை இராவணன் வெட்டும் காட்சியில், வாள் ஓங்கி நிற்க, சிறகு வீழ்கிறது. சீதை முகத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். கொடுமையைக் காணப் பொறாத நம் கண்ணுக்கு அவள் கையே திரையாகிறது. நிலம் பிளந்து சீதையை ஏற்கும் காட்சியில் இராமனின் நீட்டிய கைக்கும் அவளுக்கும் இடையே உள்ள வெளியில் கதையின் துயரம் முழுவதும் தங்கியிருக்கிறது. சொல்லாமல் விட வேண்டியதை அறிந்த கவிஞனின் அடக்கம் இவ்வோவியங்களில் புலனாகிறது.

முகம் தேடிய பயணம்

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தபின், அடுத்து வந்த விசாகம் திருநாள் மன்னரின் ஆட்சியில் ரவிவர்மாவுக்கு அரண்மனை ஆதரவு குறைந்தது. இன்னல்போல் வந்த அந்நிலை அவரைத் திருவிதாங்கூருக்கு வெளியே செலுத்தியது. முன்னர்த் திருவிதாங்கூரின் திவானாகவும் பின்னர்ப் பரோடாவின் திவானாகவும் இருந்த தி. மாதவராவ் அவருக்குப் பரோடாவின் கதவைத் திறந்துவிட்டார். 1881இல் அவர் பரோடா சென்று மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் நட்பைப் பெற்றார். 1888இல் அம்மன்னர் இதிகாச புராணக் காட்சிகள் பதினான்கை வரைந்து தருமாறு பணித்தார்.

பணியை ஏற்ற ரவிவர்மா உடனே தூரிகையைக் கையில் எடுக்கவில்லை. தம்பி இராஜராஜவர்மாவுடன் வடநாடு முழுவதும் நெடும்பயணம் மேற்கொண்டார். மகாபாரதக் காலத்து மக்கள் எத்தகைய உடை உடுத்தனர் என்று தேடிய பயணம் அது. பல நாட்டு அரண்மனைகளையும் கோயில்களையும் நாடக மேடைகளையும் கண்டனர். எல்லா மாநிலத்தவரும் தமதென ஏற்கத்தக்க பழைய உடை ஒன்றும் கிட்டவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் சீதைக்குத் தன் உடையையே உடுத்தியிருந்தது.

இறுதியில் அவர் சேலையைத் தேர்ந்தார். கேரளப் பெண்டிர் உடுத்த முண்டும் நேரியதும் அவர் வீட்டு உடை. அதனை விடுத்து, மராட்டியத்திலும் தென்னாட்டிலும் வழங்கிய நீண்ட சேலையைத் தமயந்திக்கும் சகுந்தலைக்கும் திரௌபதிக்கும் உடுத்தினார். எந்த ஒரு வட்டாரத்துக்கும் முற்றிலும் உரியவளல்லாத, எவருக்கும் அயலவளாகவும் தோன்றாத ஒரு கதைத்தலைவி அவ்வாறு பிறந்தாள்.

முகங்களை மட்டும் அவர் உயிருள்ள மனிதரிடமிருந்தே பெற்றார். உறவுப் பெண்களும் பாடகியரும் அவர் முன் மாதிரிகளாக அமர்ந்தனர். தம் மகள் மகாபிரபா குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்பதை, தந்தையின் வரவைக் குழந்தைக்குக் காட்டும் தாயாக 1893இல் வரைந்தார். சேலைகளையும் அணிகலன்களையும் தேடிச் சேர்த்தார். பட்டின் மினுக்கமும் சரிகையின் கனமும் நூலின் மடிப்பும் ஒளியில் எவ்வாறு வேறுபடும் என்பதைக் கண்டு எழுதினார். பம்பாயில் மராட்டிய, பார்சி நாடகங்களை விரும்பிக் கண்டார். மேடையில் நடிகர் நிற்கும் நிலைகள் அவர்தம் ஓவிய அமைப்பில் புகுந்தன. ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்படிகளையும் நிழற்படங்களையும் துணைக்கொண்டார்.

இப்பணியில் தம்பியின் பங்கு பெரிது. மனித உருவங்களை அண்ணன் எழுத, மலையும் நீரும் வானும் தம்பியின் தூரிகையில் உருவாயின. பயணம், கணக்கு, மடல்தொடர்பு ஆகியவற்றையும் தம்பியே கவனித்தார். 1895 முதல் 1904 வரை அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பே சகோதரரின் தொழில்முறையை இன்று நாம் அறிய உதவும் சிறந்த சான்று. ஓவியம் வேண்டி வந்த மடல்களின் மிகுதியால் கிளிமானூருக்கென ஒரு தபால் நிலையம் ஏற்பட்டது என்பர்.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு இந்தியப் பெண்டிரின் பத்து ஓவியங்களை அனுப்பி இரு விருதுகளைப் பெற்றார் ரவிவர்மா. விவேகானந்தர் சிகாகோவில் உரையாற்றியதும் அவ்வாண்டிலேயே.

கல்லில் எழுதிய கதைகள்

பரோடா ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து கண்டனர். அரண்மனைச் சுவர்க்குள் அடைபட வேண்டிய ஓவியங்களை எல்லாரும் விரும்புகின்றனர் என்பது அன்று தெளிவாயிற்று. அச்சுப்படிகள் எடுக்கலாம் என மாதவராவ் முன்னரே அவருக்கு யோசனை கூறியிருந்தார். 1894இல் பம்பாயில் ரவிவர்மா ஓவிய அச்சகம் தொடங்கப்பெற்றது. எந்திரங்களும் தொழில் வல்லாரும் செருமனி நாட்டிலிருந்து வந்தனர். முதலில் அச்சேறியது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் ஓவியம்.

அக்கால வண்ணக் கல்லச்சு எளிய தொழிலன்று. மூல ஓவியத்தின் எல்லைக்கோடுகளை முதலில் படியெடுப்பர். பின்னர் ஓவியத்தில் உள்ள வண்ணங்களைப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல் என வழவழப்பான சுண்ணக் கற்களில் நெய்மைப் பசை கொண்டு எழுதுவர். நீரும் நெய்யும் கலவாமை என்னும் இயற்கை விதியே அத்தொழிலின் உயிர். ஈரம் ஏற்ற இடம் மையை விலக்கும். நெய்ப் பசை உள்ள இடம் மையை ஏற்கும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் மாறி மாறிச் செல்ல வேண்டும். ஒரு கல் மயிரிழை பிசகினும் இலக்குமியின் இதழ்ச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். முடிவில் மெருகு பூசி, நெய்வண்ண ஓவியம்போல் தோன்றச் செய்வர். ஒலியோகிராப் என்று அவை வழங்கப்பட்டன.

தாமரையில் நிற்கும் இலக்குமியும், மயில் அருகிருக்க வீணை மீட்டும் வெண்ணிற ஆடைக் கலைமகளும் இவ்வாறே நாடெங்கும் பரவினர். ஆயினும் கலைஞர் வணிகத்தில் வெல்லவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது, கடன் பெருகியது, அச்சகம் லோனாவாலாவுக்கு அருகே மாற்றப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது செருமானியத் தொழில்வல்லுநர் ஃப்ரிட்ஸ் ஷ்லைகருக்கு விற்கப்பட்டது. ஓவியங்களை மேலும் அச்சிடும் உரிமையும் உடன் சென்றது. அவர் பெயர் தாங்கிய படங்கள் இல்லந்தோறும் தொங்கியபோது அவற்றால் வரும் பொருள் அவருக்கு உரியதாக இல்லை. அவ்வச்சகத்தில் பணியாற்றிய தாதாசாகேப் பால்கே 1913இல் ராஜா ஹரிச்சந்திரா என்னும் மௌனப்படத்தை எடுத்தார். அச்சில் நின்ற கதை மாந்தர் திரையில் நடக்கத் தொடங்கினர்.

இறுதி ஆண்டுகள்

1904இல் ஆங்கில அரசு கைசரிஹிந்து பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். ஓவியத்தின் பின்புலத்தையும் வாழ்க்கையின் பின்புலத்தையும் ஒருங்கே இழந்த ரவிவர்மா, நோயுற்ற உடலோடும் மைசூர் அரண்மனைக்கான புராண ஓவியங்களில் உழைத்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தம் 58ஆம் வயதில் காலமானார். அம்மறைவுக்கு இரங்கி மகாகவி பாரதியார் தமிழில் பாடல் இயற்றினார். கேரளத்து ஓவியர் ஒருவருக்காகத் தமிழ்க் கவிஞர் வருந்திப் பாடியதிலிருந்தே அவர்தம் கலை எல்லைகளைக் கடந்தது விளங்கும்.

பெற்றதும் இழந்ததும்

மறைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே கண்டனங்கள் எழுந்தன. நாட்டுணர்ச்சி மிக்க கலை ஆய்வாளர்களான ஆனந்த குமாரசாமி, நிவேதிதா அம்மையார் போன்றோர் அவர் ஓவியங்களில் நாடகத்தன்மையும் ஐரோப்பியச் சாயலும் மிகுந்துள்ளன என்றும், தெய்வத்தன்மை குன்றியது என்றும் கருதினர். அஜந்தா, இராஜபுத்திர ஓவியங்களை முன்னோடியாகக் கொண்ட வங்க ஓவிய நெறி அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றது.

அக்கண்டனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பத்மநாபபுரத்துச் சுவரில் காணும் தெய்வத்தின் முகத்தில் உள்ள எட்டாமை ரவிவர்மாவின் கலைமகளிடம் இல்லை. இன்னொரு இழப்பையும் நாஞ்சில் நாட்டார் எண்ணிப்பார்க்க வேண்டும். எல்லாரும் ஏற்கும் முகத்தைத் தேடிச் சென்றவர்க்குக் காவியத்திலும் புராணத்திலும் அம்முகம் கிட்டியது. ஊர் எல்லையில் நிற்கும் தெய்வங்களுக்கு அவர்தம் புகழ்பெற்ற ஓவிய வரிசையில் இடம் அமையவில்லை. ஆயிரக்கணக்கில் அச்சான ஒரே தமயந்தி, கேட்போர் மனத்தில் வாழ்ந்த ஆயிரம் தமயந்தியரை மெல்ல மறைத்தாள் என்பதும் மெய்யே.

ஆனால் தட்டின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அவர் வாழ்ந்த திருவிதாங்கூரில் மக்களுள் பெரும்பகுதியினர் கோயிலுக்குள் கால் வைக்க இயலாதிருந்தனர். கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே சுசீந்திரத்தில் 1926இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. கருவறையையும் பத்மநாபபுரத்து மேல்மாடச் சுவரையும் காணும் பேறு சிலருக்கே வாய்த்தது. அந்நாளில் சில காசுகளுக்குக் கிடைத்த ஓர் அச்சுப்படம் எவர் வீட்டுச் சுவரிலும் ஏறிற்று. அதன்முன் எவரும் விளக்கேற்றலாம். வாங்குவோன் குலத்தைத் தாள் கேட்கவில்லை. கோயில் கதவு திறக்குமுன் படத்தின் வழியே தெய்வம் வாசல் தாண்டி வந்துவிட்டது. ரவிவர்மா இதனை ஒரு சீர்திருத்தமாகக் கருதிச் செய்தார் எனல் மிகை. தாம் கண்ட மனித முகங்களைத் தெய்வத்துக்குத் தந்து, அத்தெய்வத்தை மீண்டும் மனிதரிடமே சேர்த்தார். விளைவு அவர் எண்ணத்தினும் பெரிதாயிற்று.

அவர் குடும்பத்தின் வரலாறும் நாஞ்சில் நாட்டின் வரலாற்றோடு பின்னியது. 1900இல் அவர்தம் மகள்வழிப் பேத்தியர் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் தத்தெடுக்கப்பட்டனர். அவருள் மூத்தவரான சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரை அரசப் பொறுப்பில் இருந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் மான்மியத்தில் எள்ளி நகையாடிய மருமக்கள்வழி முறையை நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மாற்றிய சட்டம் 1926இல் அவர் காலத்தில் வந்தது. இளையவரான சேது பார்வதி பாயின் மைந்தர் சித்திரைத் திருநாள் மன்னர், 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார்.

திருவனந்தபுரத்தில் 1935இல் திறக்கப்பெற்ற சித்ரா ஓவியக்கூடத்தில் சகுந்தலை இன்றும் பாதத்தை உயர்த்தித் திரும்பிப் பார்க்கிறாள். நாகர்கோவிலிலிருந்து ஒரு பகல் பயணத்தில் கண்டு மீளலாம். முப்பந்தலில் இசக்கிக்குக் கொடை எடுக்கும் இரவுகளில், வில்லடியின் நடுவே, எந்த அச்சிலும் அடங்காத இன்னொரு முகம் கேட்போர் உள்ளங்களில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அவ்விரு முகங்களையும் அறிந்த மண்ணிலிருந்து எழுதும் பேறு இவ்வட்டாரத்துக் கவிஞர்களுக்கு உண்டு.